ஜாகை மாற்றலாமா?

இந்த வாரம் பள்ளிப் பரீட்சைகளைப் பற்றி எழுதுவதாக உத்தேசித்திருந்தேன். அதற்குள் எங்கள் வீட்டிலேயே ஒரு பரீட்சை வந்து சேர்ந்துவிட்டது. கேள்வி ஒன்றுதான்: "மாம்பலத்திலேயே இருப்பதா, ஜாகை மாற்றுவதா?" பதில் எழுத வேண்டியவர்கள் நான்கு பேர். திருத்தி மார்க் போடத்தான் ஒருவரும் இல்லை.

பரீட்சை வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு 'என் தந்தை' என்னும் தலைப்பில் ஒரு வியாசம் எழுதும்படி தமிழாசிரியை சொல்லியிருந்தார். அவள் எழுதியது பதினோரு வரி. அவற்றில் நான்காவது வரி: "என் அப்பா மிகவும் நல்லவர், பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார்." ஆசிரியை படித்துச் சிரித்துவிட்டு என்னிடம் காட்டினார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் காட்டினேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் ஒரகடத்தில் மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். காலை ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஏழரைக்குத் தொழிற்சாலை வாசலில் இறங்குவார். மாலை ஐந்தரைக்கு மறுபடியும் ஏறி ஏழரைக்கு வீடு வந்து சேருவார். நான் கணக்கு வாத்தியாரம்மாள். கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? நாளொன்றுக்கு நான்கு மணி. வாரம் ஆறு நாளுக்கு இருபத்துநான்கு மணி. அதாவது ஏழு நாளில் ஒரு முழு நாளைப் பஸ்ஸுக்குக் கப்பம் கட்டுகிறார். வருஷத்துக்கு முந்நூறு வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 1,200 மணி நேரம், ஐம்பது பகலும் ஐம்பது இரவும். மனுஷர் தூங்காமல் என்ன செய்வார்?

"வேலை இருக்கும் இடத்துக்கே போய்விடுவோம்" என்று அன்றிரவு சொன்னார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மறுநாள் ஆசிரியர் அறையில் பிரஸ்தாபித்தேன். ஐந்து பேர் இருந்தார்கள். ஆறு அபிப்பிராயங்கள் கிடைத்தன.

"உடனே ஒரகடத்தில் பிளாட் வாங்கிவிடுங்கள். 2022-இல் பரந்தூர் விமான நிலையத்தை அறிவித்ததிலிருந்து அந்தப் பக்கத்து மனையெல்லாம் பொன்தான்" என்றார் ஒருவர். "தொழிற்சாலையை நம்பி வீடு வாங்காதீர்கள்" என்றார் இன்னொருவர். "ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா டெலிபோன் ஆலை 2006-இல் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. 2014-இல் கதவை மூடிவிட்டது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையும் 2022-இல் கார் செய்வதை நிறுத்திற்று. ஆலைக்குச் சக்கரம் உண்டு அம்மா, வீட்டுக்கு இல்லை" என்றார். மூன்றாமவர், "உங்கள் வேலையை விட்டுவிட்டு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொண்டால் போயிற்று" என்றார். பதினெட்டு வருஷ சர்வீஸை விட்டுவிடும் இந்த யோசனையை அவர் எனக்குத்தான் சொன்னார். என் கணவருக்கு அப்படிப்பட்ட யோசனையை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

நேரில் பார்த்துத்தான் தீர்மானிப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் புறப்பட்டோம். நான்காவது நபர் என் மாமியார். வயது எழுபத்துநான்கு. முப்பத்தைந்து வருஷமாக மேற்கு மாம்பலத்தில் தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு துணிப்பையுடன் வெளியே போவார்; கோயில், கீரைக்காரி, மருந்துக் கடை, இரண்டு சிநேகிதிகள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு எட்டு மணிக்குத் திரும்புவார். அந்தத் துணிப்பையை அன்றும் எடுத்துக்கொண்டார். "வெறும் பையுடன் திரும்புகிற ஊருக்கு நான் குடி வரமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் படியிறங்கினார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

தாம்பரம் வரையில் மின்சார ரயில். அங்கே மனை விற்பனைக் காரியஸ்தர் ஒருவர் காருடன் காத்திருந்து எங்களை ஏற்றிக்கொண்டார். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் சேரும் வரையில் அவர் வாய் ஓயவில்லை. சொன்னதில் பெருமைப்பட வேண்டியவையும் உண்டு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது. அதன் பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, டெலிபோன் என்று செய்யாத பண்டம் இல்லை. நமது குழந்தைகளுக்கு இத்தனை தொழில் கிடைத்திருப்பதை எண்ணினால் எவருக்கும் மனம் குளிரத்தான் செய்யும்.

"இங்கிருந்து ஐந்து நிமிஷத்தில் பள்ளிக்கூடம், எட்டு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி, பத்து நிமிஷத்தில் மார்க்கெட்" என்றார் காரியஸ்தர்.

பின் ஆசனத்திலிருந்து என் மாமியார் கேட்டார்: "யாருடைய ஐந்து நிமிஷம், தம்பி?"

அவர் விழித்தார். "கார் நிமிஷம் பாட்டி" என்று சொல்லிச் சமாளித்தார்.

கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மாடி, நல்ல காற்று, குழந்தைகளுக்கு நீச்சல் குளம், நடப்பதற்கென்றே செடிகளுக்கு நடுவில் வட்டமாக ஒரு பாதை. "இந்தப் பாதை எங்கே போகிறது?" என்று கேட்டார் மாமியார். "சுற்றி இங்கேயே வந்துவிடும்." "கறிவேப்பிலை வேண்டுமானால்?" "டெலிபோனில் சொன்னால் வாசலுக்கே வரும்." அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளி வாசலைத் தாண்டிப் போனார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

வெளியே அகன்ற சாலை. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீண்ட லாரிகள் ரயில் வண்டிபோல் போய்க்கொண்டிருந்தன. எதிர்ச்சாரியில் ஒரு சிறு கடை தெரிந்தது. கூப்பிட்டால் கடைக்காரர் காதில் விழும் தூரம்தான். நடப்பதற்கு ஓரப் பாதை இல்லை. நிற்க நிழல் இல்லை. கடக்க ஒரு கோடும் இல்லை. பத்து நிமிஷம் நின்றோம். ஒரு காலை எடுத்து வைப்பதும் ஒலிப்பான் அலறியதும் பின்வாங்குவதுமாக இருந்தார் மாமியார். கடைசியில், "கார் செய்கிற ஊர். காருக்கு வேண்டியதெல்லாம் செய்திருக்கிறார்கள். காலுக்குச் செய்ய மறந்துவிட்டார்கள்" என்று சொல்லித் திரும்பினார். பை வெறுமையாகவே இருந்தது.

திரும்பி வந்த பிறகு இதைப் பற்றி வெகு நேரம் யோசித்தேன். மாம்பலமும் குரோம்பேட்டையும் தாம்பரமும்கூட ஒரு காலத்தில் பட்டணத்துக்கு வெளியே இருந்த ஊர்கள்தாமே? அங்கே மட்டும் நடக்க எப்படி வழி கிடைத்தது? சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் யாருடைய வீட்டு வாசலுக்கும் வராது, ஸ்டேஷனில்தான் நிற்கும். ஆகவே ஜனங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். நடக்கிறவர்களை நம்பி வழியில் பூக்கடை வந்தது, வெற்றிலைக் கடை வந்தது, காப்பி ஹோட்டல் வந்தது, டாக்டர் வந்தார், பள்ளிக்கூடம் வந்தது. தோல் பதனிடும் ஆலையால் பேர் பெற்ற குரோம்பேட்டையும் ஸ்டேஷனை மையமாகக் கொண்டே ஊராயிற்று.

ஒரகடத்தில் நிகழ்ந்தது வேறு. அங்கே ஆலைகளுக்கு ஆட்களைக் கொண்டுவருவது கம்பெனி பஸ். அது தெருமுனையில் ஏற்றி ஆலை வாசலில் இறக்குகிறது. தொழிலாளிக்குப் பெரிய சௌகரியம். என் கணவரே சாட்சி. ஆனால் ஆயிரமாயிரம் பேர் தினமும் வந்து போகிற அந்தப் பூமியில் அவர்கள் கால் படுவதே இல்லை. கால் படாத இடத்தில் கடை எப்படி வரும்? கடை இல்லாத இடம் எப்படி ஊராகும்? ரயில் ஊர்களை உண்டாக்கிற்று. கம்பெனி பஸ் ஊர்களைத் தாண்டிப் போகிறது.

அன்று மத்தியானம் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனோம். ஒரகடத்திலிருந்து வல்லம், வடகால் வழியாகப் போகும் சாலையில் பஸ் கிடைத்தது. ஊரென்றால் இது ஊர்! பெங்களூர் நெடுஞ்சாலையின் இரைச்சலை விட்டு உள்ளே போனால், ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், குளமும், அவற்றைச் சுற்றிப் பழைய வீதிகளும் இருக்கின்றன. 1017-இல் ஸ்ரீராமானுஜர் அவதரித்த ஸ்தலம். ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டுத் தடவை நடந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நடப்பதில் அவருக்கு நிகரானவர் யார்? அவர் பிறந்த ஊரில் இன்றும் நடக்க முடிகிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

தரிசனம் முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்தோம். திரும்பிப் பார்த்தால் மாமியாரைக் காணோம். ஒரு மணி நேரம் கவலையோடு தேடினோம். பிறகு வீதி முனையிலிருந்து நிதானமாக நடந்து வந்தார். பையில் முளைக்கீரை, வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம். அவற்றோடு, வாடகைக்கு இரண்டு வீடு காலியாக இருக்கும் சமாசாரமும் கொண்டுவந்திருந்தார். "இந்த ஊருக்கு வரலாம்" என்றார்.

முதல் வீட்டுக்காரர் மரியாதையாகவே வரவேற்றார். "எத்தனை பேர்?" என்று கேட்டார். "நான்கு பேர், சிறிய குடும்பம்" என்று நல்ல பெயர் வாங்கும் எண்ணத்துடன் சொன்னேன். "நாலே பேரா!" என்று அவர் முகம் வாடிவிட்டது. இந்தப் பக்கத்தில் அறைகளை ஆலைப் பையன்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விடுகிறார்களாம். எட்டுத் தலை தங்கும் இடத்தை நான்கு தலைக்கு விட்டால் பாதி நஷ்டமல்லவா? இரண்டாவது வீட்டிலும் இதே கணக்கு. கணக்கில் பிழை இல்லை, நானே சரிபார்த்தேன்.

வெளியே வந்து கடைத் தெருவில் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது மூன்று பெண்கள் வந்தார்கள். விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள், ஆலையில் வேலை. நான் வாத்தியாரம்மாள் என்பதை மாமியார் அதற்குள் அறிவித்துவிட்டபடியால் ஒருத்தி மனம்விட்டுப் பேசினாள். "ஊரில் எங்கே போனாலும் நடந்துதான் போவேன் டீச்சர். இங்கே விடுதியிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ஆலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தெருவைப் பார்க்கிறோம்."

அந்தப் பெண்ணின் வார்த்தை என்னைவிட்டு அகலவில்லை. வல்லம் வடகாலில் 2024-இல் அரசாங்கம் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியைத் திறந்திருக்கிறது. பாதுகாப்பான இடம் கிடைத்ததே என்று பெற்றோர்கள் நிம்மதி அடையலாம். அது சிறிய காரியம் அன்று. ஆனால் 18,720 பேர் என்பது ஒரு நல்ல ஊரின் ஜனத்தொகை அல்லவா? அத்தனை பேருக்கும் கட்டில் இருக்கிறது. மாலை வேளையில் நான்கு தப்படி நடந்து, ஒரு முழம் பூ வாங்கி, ஒரு புத்தகசாலையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப ஒரு வீதி வேண்டாமா? 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டினால் தோழிகள் நோயுற்றதைக் கண்டு கொதித்த ஆலைப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தினமும் பஸ்ஸில் கடந்து போகும் சாலையில் அவர்கள் கால் ஊன்றி நின்றது, நியாயம் கேட்பதற்காகத்தான் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இதற்கு முன்மாதிரி நம் தேசத்தில் இல்லாமல் இல்லை. 1902-இல் உருக்கு ஆலைக்கு இடம்கூட அகப்படாத காலத்திலேயே, ஜாம்ஷெட்ஜி தாதா தம் குமாரர் தோராப்ஜிக்குக் கடிதம் எழுதினார். அமையப்போகும் நகரத்தில் அகன்ற வீதிகளும், விரைவில் வளரும் நிழல் மரங்களும், தோட்டங்களும், விளையாட்டு மைதானங்களும், எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டு இடங்களும் வேண்டும் என்று அதில் வற்புறுத்தியிருந்தார். ஆலை பிறக்கும் முன்பே தெருவைப் பற்றி யோசித்த மனிதர்! நம் பெரம்பூரில் 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தபோதும் பக்கத்திலேயே குடியிருப்பு எழுந்தது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் உலகத்து மூலதனமெல்லாம் வந்திருக்கிறது. ஒரு ரயில் ஸ்டேஷன் வரவில்லை.

வீடு திரும்பியதும் கரும்பலகை இல்லாத குறைக்கு மகளின் சிலேட்டில் கணக்குப் போட்டேன். மகள் என் பள்ளிக்கூடத்திலேயே படிப்பதால் அவள் பிரயாணம் என்னுடையதோடு அடக்கம்.

மாம்பலத்தில் இருந்தால் அவருக்கு நாளொன்றுக்கு நான்கு மணி. எனக்கு, போக வர நடை இருபது நிமிஷம். மொத்தம் நான்கு மணி இருபது நிமிஷம். ஒரகடம் போனால் அவருக்கு இருபது நிமிஷம். எனக்கு நாலரை மணி. மொத்தம் நான்கு மணி ஐம்பது நிமிஷம். ஸ்ரீபெரும்புதூரில் அவருக்கு ஒரு மணி, எனக்கு நான்கு மணி. ஆக ஐந்து மணி. "வேலை இருக்கும் இடத்துக்குப் போவோம்" என்பதன் அர்த்தம் அப்போதுதான் சிலேட்டில் தெளிவாகத் தெரிந்தது. யாருடைய வேலை இருக்கும் இடத்துக்கு? அவருடைய தூக்கம் என் தலைக்கு மாறும். அடுத்த வருஷம் என் மகள் 'என் தாய்' என்று வியாசம் எழுதுவாள்.

மறைமலை நகரையும் யோசித்தோம். திட்டமிட்டு அமைத்த ஊர், ரயிலும் உண்டு. ஆனால் அவருடைய கம்பெனி பஸ் அந்தப் பக்கம் போவதில்லை. மாம்பலத்துக்கு எனக்கு ரயிலிலேயே ஒரு மணிக்கு மேல் ஆகும். மிஞ்சியது தாம்பரம். அவருக்குப் பஸ்ஸில் போக வர இரண்டு மணி. எனக்கு நடையும் ரயிலும் சேர்த்து ஒரு மணி நாற்பது நிமிஷம். மொத்தம் மூன்று மணி நாற்பது நிமிஷம். இவ்வளவு அமர்க்களத்துக்குப் பிறகு குடும்பத்துக்கு மிச்சம் நாற்பதே நிமிஷம்!

ஆனாலும் அதையே தீர்மானித்தோம். ஒரு மூட்டையை ஒருவரே சுமப்பதும் இருவர் பங்கிட்டுக்கொள்வதும் நிறுவைக்கு ஒன்றுதான், முதுகுக்கு ஒன்றல்ல. பத்து நிமிஷ நடையில் பள்ளிக்கூடம் போய்வந்த சௌகரியத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன். என் மாமியார் முப்பத்தைந்து வருஷச் சிநேகிதிகளை விட்டுவருகிறார். இதில் யாருக்கும் முழு லாபம் இல்லை. ஆனால் யாரும் முழு நஷ்டமும் அடையவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு பார்த்திருக்கிறோம்; வாங்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பட்ட பாட்டை மறக்கலாகாது என்பதால், தெருவில் நான்கு வீடுகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுக்கொண்டோம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போவது என் பாடு. மாமியாரின் கடைத் தெருவும் கோயிலும் பெருஞ்சாலையைக் கடக்காமலே இருக்கின்றன. அதை அவரே மூன்று தடவை நடந்து பார்த்து ஊர்ஜிதம் செய்தார்: காலை ஆறரைக்கு ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. மூன்று தடவையும் பை நிறைந்தே வந்தது.

ஜாகை மாற்ற நினைக்கும் நேயர்களுக்கு என் மாமியாரின் பரீட்சையையே சிபாரிசு செய்கிறேன். வீட்டில் கார் ஓட்டத் தெரியாதவர் யார் என்று பாருங்கள். அநேகமாக ஒரு பாட்டியோ குழந்தையோ இருப்பார்கள். அவர் கையில் ஒரு பையைக் கொடுத்து, புது ஊரில் தனியே அனுப்புங்கள். அவர் திரும்பி வருவதற்காக வாசலில் நின்று கவலைப்படுகிறீர்களா, அல்லது உள்ளே போய் உங்கள் வேலையைப் பார்க்கிறீர்களா? விடை அதில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு நாள் ரயில் வரட்டும். அந்த விழுப்புரத்துப் பெண் ஸ்டேஷனிலிருந்து பூ வாங்கிக்கொண்டு நடந்து போகட்டும். அன்றைக்கு நாங்களும் மறுபடி வீடு தேடி அங்கே போவோம்.

தை பிறந்ததும் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். "உங்களுக்கு மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கணவரைக் கேட்டேன். "சாயங்காலம் அம்மாவோடு கடைத் தெரு வரை நடக்கப் போகிறேன்" என்றார்.

"வா, வா" என்றார் மாமியார். "ஆனால் தூங்காமல் நட."